ஐந்து மருந்தகங்களும் ஒரு பதிவேடும்

ஒரு சிறிய கணக்கோடு தொடங்குவோம்.

காத்தோங்கில், சிலோன் ரோட்டிலுள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயத்திலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டை நோக்கி நடக்கிறீர்கள். லக்சா கடைகள், வண்ண ஓடுகள் பதித்த பழைய கடைவீடுகள், அவற்றுக்கு நடுவே குடும்ப மருத்துவர்களின் மருந்தகங்கள். ஒருவர் முதல் மருந்தகத்துக்குள் நுழைந்து, "டாக்டர், தூக்கமே வரவில்லை" என்கிறார். மருத்துவர் கேள்விகள் கேட்டு, சோதித்து, இரவுக்கு ஒன்று வீதம் ஏழு தூக்க மாத்திரைகள் தருகிறார். அந்த மனிதர் வெளியே வந்து அடுத்த மருந்தகத்துக்குப் போகிறார். அங்கேயும் ஏழு. பிறகு ஜூ சியாட், அதன்பின் கேலாங். ஐந்து மருந்தகங்கள் முடிந்ததும் அவர் பையில் 35 மாத்திரைகள்.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் கேள்வி உண்மையானது: தவறு செய்த மருத்துவர் யார்?

யாரும் இல்லை. ஐந்து பேரும் தங்கள் குறிப்பேட்டில் 'ஏழு மாத்திரை' என்றே எழுதினார்கள். ஐந்து குறிப்புகளும் உண்மை. ஆனால் 35 என்ற எண் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. ஐந்தையும் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பவருக்கு மட்டுமே அது தெரியும். அப்படிக் கூட்டிப் பார்க்கும் வேலையை அரசாங்கம் செய்தால் என்ன ஆகும்? சிங்கப்பூர் அதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. அந்தக் கதையில் வேதியியலும் உண்டு, கணிதமும் உண்டு, எளிதில் விடை காண முடியாத ஒரு கேள்வியும் உண்டு.

பாதி மட்டும் திரும்பும் சாவி

2002ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒரு புதிய மாத்திரை பயன்பாட்டுக்கு வந்தது. பெயர் சுபுடெக்ஸ். அதிலுள்ள மருந்து புப்ரினோர்ஃபின். ஹெராயினுக்கு அடிமையானவர்கள் அந்தப் பழக்கத்திலிருந்து மீள்வதற்காகத் தரப்பட்ட மருந்து அது.

அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள ஒரு பூட்டையும் சாவியையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் மூளையிலுள்ள நரம்பணுக்களின் மேல் 'ஓபியாய்டு ஏற்பிகள்' என்ற புரதங்கள் இருக்கின்றன. அவைதான் பூட்டுகள். ஹெராயின் உடலுக்குள் மார்ஃபினாக மாறி அந்தப் பூட்டுகளை முழுவதுமாகத் திறக்கிறது. வலி மறைகிறது, மயக்கமான இன்பம் வருகிறது, கூடவே மூச்சும் மெதுவாகிறது. அளவு கூடினால் மூச்சு நின்றே போகலாம்.

புப்ரினோர்ஃபின் அதே பூட்டுக்குள் நுழையும் வேறொரு சாவி. ஆனால் அது பாதிதான் திரும்பும். திரும்பியபின் எளிதில் வெளியே வராது. அதனால் ஹெராயின் இல்லாதபோது வரும் நடுக்கம், வாந்தி, வலி ஆகியவை அடங்குகின்றன. பூட்டுக்குள் ஏற்கெனவே ஒரு சாவி இருப்பதால் பிறகு ஹெராயின் எடுத்தாலும் பெரிய பலன் இல்லை. மூச்சை மெதுவாக்கும் விளைவுக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. மருந்தின் விளைவு ஒரு நாளுக்கும் மேல் நீடிப்பதால் அடிக்கடி எடுக்கத் தேவையில்லை.

பிரான்சில் 1996 முதல் குடும்ப மருத்துவர்களே இந்த மருந்தைப் பரவலாகத் தரத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஹெராயின் அளவு மீறி இறந்தோரின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 2005ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் புப்ரினோர்ஃபினை அத்தியாவசிய மருந்துகளின் மாதிரிப் பட்டியலில் சேர்த்தது.

அதற்கு அடுத்த ஆண்டே சிங்கப்பூர் அதைத் தடை செய்தது. ஏன்?

நாக்கின் அடியில் வைக்க வேண்டியது

சுபுடெக்ஸ் விழுங்கும் மாத்திரை அன்று. நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். ஆனால் சிலர் அதைப் பொடித்து ஊசிவழி ரத்தத்தில் செலுத்திக்கொண்டார்கள். அதோடு 'டோர்மிகம்' என்ற தூக்க மருந்தையும் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு. அதிலுள்ளது மிடசோலம்.

இங்கேதான் வேதியியல் பழிவாங்கியது. ஒரு மாத்திரையில் மருந்து மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். மீதியெல்லாம் அதற்கு உருவம் கொடுக்கும் பொருள்கள். சுபுடெக்ஸில் அவற்றுள் ஒன்று சோளமாவு. வாய்வழி போனால் சோளமாவு வெறும் உணவு. ரத்தக் குழாய்க்குள் போனால் அது கரையாத துகள். சின்னஞ்சிறு ரத்தக் குழாய்களை அடைக்கும். அடைபட்ட இடத்துக்கு அப்பால் விரலுக்கோ கைக்கோ ரத்தம் போகாது. தசை அழுகத் தொடங்கும்.

ஊசியோடு கிருமிகளும் உள்ளே போயின. சிரைகளில் ஓடும் ரத்தம் முதலில் சேர்வது இதயத்தின் வலப்பக்கம். அங்கிருக்கும் வால்வுகளில் கிருமிகள் குடியேறின. இதய உள்ளுறை அழற்சி என்ற இந்த நோயோடு இளம் வயதினர் பலர் மருத்துவமனைகளுக்கு வந்ததைச் சிங்கப்பூர் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள்.

மிடசோலம் சேர்ந்தது இன்னும் ஆபத்து. அது வேறொரு பூட்டில் வேலை செய்கிறது. மூளையின் ஓட்டத்தைத் தணிக்கும் 'காபா' ஏற்பிகளில் அது அமர்கிறது. புப்ரினோர்ஃபினுக்குத் தனியே இருந்த அந்த உச்சவரம்பு, இரண்டும் சேரும்போது காப்பாற்றுவதில்லை. இரண்டு வேறு வழிகளில் மூச்சு ஒரே நேரத்தில் அடக்கப்படுகிறது.

கூட்டிப் பார்க்கும் கணினி

நம் முதல் கணக்குக்கு வருவோம். சிங்கப்பூரில் மருத்துவர் மருந்துச்சீட்டு எழுதித் தருவதோடு நிற்பதில்லை. பெரும்பாலும் மருந்தையும் அதே மருந்தகத்திலேயே தருகிறார். நமக்கு அது வசதி. ஆனால் மருந்துச்சீட்டுகள் வந்து சேரும் மருந்துக்கடை என்ற இன்னொரு சோதனைச் சாவடி இல்லை. ஒவ்வொரு மருந்தகமும் தனித் தீவு. ஒருவர் தீவு தீவாகப் போய் மருந்து சேர்ப்பது இங்கே எளிது.

2005ல் சுகாதார அமைச்சு இந்தத் தீவுகளை இணைக்க முயன்றது. போதைப் பழக்கச் சிகிச்சைக்கு வழிகாட்டி நெறிமுறைகள் வந்தன. கூடவே ஒரு மத்தியப் பதிவேடும் உருவானது. புப்ரினோர்ஃபின் தரும் மருத்துவர் நோயாளியின் விவரத்தை அந்தக் கணினிப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அவர் ஏற்கெனவே வேறு மருத்துவரிடம் அதே மருந்தைப் பெறுகிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். 35 என்ற எண்ணைப் பார்க்கக்கூடிய ஒரு கண் கிடைத்தது.

இப்படிப்பட்ட பதிவேட்டுக்கு ஒரு நுட்பம் தேவை. ஆளைப் பெயரால் இணைக்க முடியாது. நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கார்த்திக்' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்? கணினிக்கு அவை எல்லாம் வெவ்வேறு ஆள்கள். அதனால்தான் அடையாள அட்டை எண். அந்த எண்ணின் முடிவிலுள்ள ஆங்கில எழுத்து அலங்காரம் அன்று. முன்னாலுள்ள ஏழு இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டு வருவது அது. ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் கடைசி எழுத்து பொருந்தாது. தவறு அங்கேயே பிடிபடும்.

ஆனால் பதிவேடு வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை என்று அரசாங்கம் முடிவு செய்தது. 2006 ஆகஸ்ட் 14ஆம் தேதி புப்ரினோர்ஃபின் 'ஏ' வகைப் போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டது. நேற்றுவரை மருத்துவர் தந்த மாத்திரை, அன்று முதல் ஹெராயின் இருக்கும் அதே வரிசையில்.

பதிவேட்டின் எல்லை இதில்தான் தெரிகிறது. மருந்து கைமாறும் நொடிவரைதான் அது பார்க்கும். அந்த மாத்திரை நோயாளியின் நாக்கின் அடியில் கரைகிறதா, தெருமுனையில் விற்கப்படுகிறதா என்பது அதற்குத் தெரியாது. எந்த மருத்துவரும் தராமல் கள்ளத்தனமாக வரும் மாத்திரையும் அதன் கண்ணில் படாது.

தடைக்குப் பின் தெருவில் சுபுடெக்ஸ் குறைந்தது. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் அறிக்கைகளில் ஹெராயின் மீண்டும் முன்வரிசைக்கு வந்தது. ஒரு கதவை மூடியதும் பழைய கதவு திறந்தது.

தூக்க மாத்திரைக்கும் ஒரு கணக்கு

தூக்க மாத்திரைகளை அப்படித் தடை செய்ய முடியாது. தேவைப்படுவோர் பலர். எனவே 2008ல் சுகாதார அமைச்சு வேறு வழியை எடுத்தது. பென்சோடையாசெப்பின் வகை மருந்துகளை எப்படித் தர வேண்டும் என்று விதிகள் வகுத்தது. ஒவ்வொரு முறையும் காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும். ஒருவர் மொத்தத்தில் எட்டு வாரங்களுக்கு மேல் எடுத்திருந்தால் குடும்ப மருத்துவர் தொடர்ந்து தரக்கூடாது. நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இந்த விதிகளை மீறிய மருத்துவர்கள் பலர் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் விசாரணைக்கு ஆளாகி, அபராதமும் தற்காலிக நீக்கமும் பெற்றிருக்கிறார்கள்.

எட்டு வாரம் என்று எல்லை வைக்க அறிவியல் காரணம் உண்டு. தினமும் இந்த மருந்து வந்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். அதே தூக்கத்துக்கு இன்னும் அதிக மருந்து தேவைப்படும். திடீரென நிறுத்தினால் பதற்றம், நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். அதனால்தான் மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

கணினி சந்தேகப்படும் பாட்டி

இப்போது நீங்களே ஒரு விதி எழுதுங்கள். 'மூன்று மாதத்தில் நான்கு இடங்களில் மருந்து வாங்கியவரைக் கணினி அடையாளம் காட்ட வேண்டும்.' நல்ல விதியாகத் தோன்றுகிறதல்லவா?

ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையில் வலி மருந்து. பிறகு பலதுறை மருந்தகத்தில். பல் பிடுங்கிய அன்று பல் மருத்துவரிடம். சீனப் புத்தாண்டு விடுமுறையில் வழக்கமான மருந்தகம் மூடியிருந்ததால் வேறொன்றில். நான்கு இடங்கள். கணினி பாட்டியையும் காட்டும்.

எண்களோடு பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொள்ளும் எண்கள். 1,000 நோயாளிகளில் 20 பேர் மருந்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். நம் விதி அவர்களில் 90 விழுக்காட்டினரைப் பிடிக்கிறது, அதாவது 18 பேர். மீதி 980 பேரில் 5 விழுக்காட்டினரை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது, அதாவது 49 பேர். மொத்தம் 67 பேரின் பெயர் திரையில் வருகிறது. அவர்களில் 49 பேர் எந்தத் தவறும் செய்யாதவர்கள். நான்கில் ஏறத்தாழ மூவர்!

விதி மோசமானதா? இல்லை. தேடப்படுபவர்கள் குறைவாக இருக்கும்போது நல்ல சோதனைகூட இப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால் திரையில் வரும் பெயர் ஒரு தீர்ப்பாகிவிடக் கூடாது. மருத்துவர் அந்த நோயாளியிடம் பொறுமையாக ஒரு கேள்வி கேட்பதற்கான காரணம், அவ்வளவுதான்.

உலகம் கற்ற பாடங்கள்

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 1939லேயே இத்தகைய கண்காணிப்பைத் தொடங்கியது. கணினி இல்லாத காலம் அது. மருந்துச்சீட்டையே மூன்று படிகளாக எழுதும் முறை அங்கே இருந்தது. அவற்றுள் ஒரு படி அரசாங்கத்துக்கு. பிறகு மாநிலம் மாநிலமாக இந்த முறை பரவியது. கடைசியாக மிசூரி 2021ல்தான் அதற்குச் சட்டம் இயற்றியது.

கண்காணிப்பு இறுகியபோது அங்கே மருந்துச்சீட்டில் எழுதப்படும் ஓபியாய்டு வலி மருந்துகள் குறைந்தன. ஆனால் ஏற்கெனவே அடிமையாகிவிட்டவர்களுக்குச் சிகிச்சை போதிய அளவு இல்லை. பலர் தெருவில் கிடைத்த ஹெராயினுக்கும், அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபெண்டனிலுக்கும் போனார்கள். 2021ல் மட்டும் அமெரிக்காவில் அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் 100,000க்கும் அதிகம்.

இந்தியா வேறொரு பாடம் கற்றது. 1985ல் வந்த போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையாக இருந்ததால், மார்ஃபின் வைத்திருக்கவே மருத்துவமனைகள் பயந்தன. பலவகை உரிமங்கள், தவறினால் சிறை. புற்றுநோயாளிகள் வலியில் துடித்தபோதும் மருந்து கிடைக்கவில்லை. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றோர் பல ஆண்டுகள் வாதாடிய பிறகு 2014ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது.

ஒரு பக்கம் கண்காணிப்பு தளர்ந்தால் மருந்து தெருவுக்குப் போகிறது. இன்னொரு பக்கம் அது இறுகினால் வலியில் இருப்பவரின் கட்டிலுக்கு மருந்து வராமல் போகிறது.

பதிவேட்டை யார் பார்க்கலாம்?

சிங்கப்பூரில் 2011 முதல் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு முறை இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் தரப்பட்ட மருந்தை இன்னொரு மருத்துவமனை மருத்துவர் பார்க்க முடியும். இரு மருந்துகள் மோதாமல் தடுக்க இது பேருதவி.

ஆனால் ஒரே இடத்தில் சேர்ந்த தகவல் திருடருக்கும் வசதி. 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சிங்ஹெல்த் குழுமத்தின் கணினிக்குள் புகுந்தவர்கள் ஏறத்தாழ 1.5 மில்லியன் பேரின் விவரங்களைத் திருடினார்கள். அவர்களில் சுமார் 160,000 பேருக்குத் தரப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் ஒன்று. ஒருவர் என்ன மருந்து எடுக்கிறார் என்று தெரிந்தால் அவருக்கு என்ன நோய் என்பதும் தெரிந்துவிடும். மருந்துப் பட்டியல் ஒரு நாட்குறிப்பைப் போல.

பயம் இன்னொரு விதத்திலும் வேலை செய்கிறது. போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று ஒரு மருத்துவர் சந்தேகித்தால், ஏழு நாள்களுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது. உதவி தேவைப்படுபவரை அமைப்பு தவறவிடாமல் இருக்க இது உதவலாம். அதே விதியைக் கண்டு அஞ்சி ஒருவர் மருத்துவரிடம் போகாமலும் இருக்கலாம். இரண்டில் எது அதிகம் நடக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த விதியின் நன்மை தீமை அமையும். உங்கள் வகுப்பில் விவாதிக்க நல்ல தலைப்பு இது.

மருந்துச்சீட்டே இல்லாத மருந்து

பதிவேட்டின் கண்ணில் படாத ஒன்று இப்போது உங்கள் வயதினரைத் தேடி வருகிறது. எட்டோமிடேட் என்பது அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்கம் தருவதற்காக மருத்துவமனையில் ஊசிவழி செலுத்தும் மருந்து. மிடசோலம் அமரும் அதே காபா ஏற்பிகளில்தான் இதுவும் வேலை செய்கிறது. கூடவே, நெருக்கடியைச் சமாளிக்க உடல் சுரக்கும் கார்டிசோலின் உற்பத்தியையும் அது தடுக்கிறது. மயக்கவியல் நிபுணர் பக்கத்திலேயே இருந்து மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்தபடி தரும் மருந்து அது.

அதைத்தான் மின்சிகரெட் திரவத்தில் கலந்து 'கேபாட்' என்ற பெயரில் விற்றார்கள். 2025ல், கைப்பற்றப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மின்சிகரெட்டுகளைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது 'சி' வகைப் போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டது. இதை எந்த மருத்துவரும் எழுதித் தருவதில்லை, எந்தப் பதிவேட்டிலும் அது ஏறுவதில்லை. அதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது இழுப்பவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

ஒரு கேள்வி, ஒரு பதில்

அடுத்த முறை பாட்டியையோ தாத்தாவையோ மருந்தகத்துக்கு அழைத்துப் போகும்போது கவனியுங்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்பார், நீங்கள் தமிழில் மாற்றிச் சொல்வீர்கள். "வேறு எங்காவது மருந்து வாங்குகிறீர்களா?" என்பது அந்தக் கேள்விகளில் ஒன்றாக இருக்கும். பாட்டி கையை அசைத்து, "அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடு" என்பார். பையில் பலதுறை மருந்தகத்து மாத்திரையும் ஊரிலிருந்து யாரோ வாங்கி வந்த தூக்க மருந்தும் இருக்கும்.

ஊரிலிருந்து வந்த அந்த மருந்து எந்த நாட்டுக் கணினியிலும் பாட்டியின் பெயரில் இருக்காது. அதைத் தெரிந்தவர் அந்த அறையில் நீங்கள் ஒருவர்தான். கிளம்பும் முன் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் மேசைமேல் அவற்றைப் பரப்பி வையுங்கள். ஐந்து ஏழுகளைக் கூட்டி 35 என்று காட்டும் வேலையை அன்றைக்கு நீங்கள் செய்திருப்பீர்கள்.